குறை கூறும் வாக்கியமும் சினம் கொள்ளும் செவியும்

இசை நிகழ்ச்சியொன்றின் குறையை மறைக்காமல் எழுதுவோர் எங்கும் எதிர்ப்பைச் சந்திக்கின்றனர். ஜித்ரா போன்ற சிற்றூர்களில் அவ்வெதிர்ப்பு வீட்டு வாசலுக்கே வந்துவிடும். பாடியவர் நம் மாணவி; மிருதங்கம் வாசித்தவர் அண்டை வீட்டார்; விழா நடத்தியவர் உறவினர். ஆதலால் இங்கு எழுதப்படும் இசைக் குறிப்புகள் பெரும்பாலும் ‘சிறப்பாகப் பாடினார்’ என்னும் தொடரோடு முடிந்துவிடுகின்றன. அத்தொடரால் பாடியவர்க்கும் பயனில்லை, கேட்டவர்க்கும் பயனில்லை. உண்மையை எவ்வாறு எழுதுவது, எழுந்த சினத்தை எவ்வாறு எதிர்கொள்வது என்பதை மொழி நோக்கில் காண்போம்.

தமிழில் ‘குறை’, ‘பழி’ என இரு சொற்கள் உள. குறை என்பது நிறையாமை; பின்னர் நிறைவு செய்யத்தக்கது. பழி என்பது ஆளின்மேல் படியும் இழுக்கு. திறனாய்வாளர் குறையைச் சொல்கிறார். பாடகர் செவியிலோ அது பழியாக விழுகிறது. சினம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

1930களில் ‘ஆனந்த விகட’னில் கல்கி ‘ஆடல் பாடல்’ பகுதியை எழுதியபோது ‘கர்நாடகம்’ என்னும் புனைபெயரைக் கொண்டார். அச்சொல் இசை மரபையும் குறிக்கும். பேச்சுவழக்கில் ‘பழம்போக்கினர்’ என்றும் பொருள்படும். பிறரைக் கிண்டல் செய்யும் முன் தம்மையே கிண்டலுக்கு உட்படுத்திய பெயர் அது. 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலிருந்து தமிழிசை இயக்கம் கிளர்ந்து, எதிர்ப்பும் வலுத்தபோது, அவர் வாதத்திற்கு வாதத்தையே விடையாக்கினார்.

அவருக்குப் பின் பெயர்பெற்ற ‘சுப்புடு’ என்னும் பி.வி. சுப்பிரமணியம் (1917–2007) வேறு வகையினர். பர்மாவில் வாழ்ந்து, போர்க்காலத்தில் இந்தியா வந்து, தில்லியில் அரசுப்பணி செய்துகொண்டே பெருங்கலைஞர்களையும் அஞ்சாமல் விமர்சித்தார். சென்னைச் சபா ஒன்றில் நாய்களுக்கும் சுப்புடுவுக்கும் அனுமதியில்லை என எழுதி வைத்ததாக வழங்கும் செய்தி, அவர்மீது எழுந்த சினத்தின் அளவைக் காட்டும். அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. ஆயினும் கூர்மையான கேலிக்கு ஓர் இடர் உண்டு: கேலி நினைவில் நிற்கும், அதற்குரிய காரணம் மறக்கப்படும்.

நமது பிழையையும் கூறவேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் கோவில் திருவிழா ஒன்றில் பாடிய இளம்பெண்ணைப் பற்றி, ஒரு மலரில் ‘இவருக்குச் சுருதி ஞானம் இல்லை’ என எழுதினோம். அவருடைய தந்தையார் நேரில் வந்து, “ஐயா, அன்றைக்கு மேடையில் என் மகளுக்குச் சுருதியே கேட்கவில்லை. ஒலிபெருக்கியெல்லாம் கூட்டத்தைப் பார்த்தல்லவா இருந்தது?” என்றார். கடுஞ்சொல்லும் சில சொன்னார். விசாரித்தபோது அவர் கூற்று உண்மையெனத் தெரிந்தது.

நம் செவி பிழைக்கவில்லை, வாக்கியம் பிழைத்தது. ‘இல்லை’ என்னும் வினை இறந்தகாலம், எதிர்காலம் என வடிவம் மாறுவதில்லை. ஆகவே ஒரு மாலைப்பொழுதின் தவற்றை அது அப்பெண்ணின் நிலையான இயல்பாக்கிவிட்டது. ‘இரண்டாம் பாடலின் மேல்தாயிச் சுரங்களில் சுருதி விலகியது’ என எழுதியிருப்பின், ‘விலகியது’ என்னும் இறந்தகால வினை அக்குறையை அந்த மாலையோடு நிறுத்தியிருக்கும். எழுவாயும் ஆளாக அன்றிச் சுருதியாக இருந்திருக்கும். அடுத்த மலரில், சுருதி விலகியது என்னும் தீர்ப்பை வைத்துக்கொண்டு, ஞானமில்லை என்னும் காரணத்தைத் திரும்பப் பெற்றோம். தந்தையார் மீண்டும் நம்மோடு பேச ஓராண்டு ஆயிற்று.

அன்று முதல் வரும் எதிர்ப்பை மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறோம். செய்திப்பிழையைச் சுட்டுவது முதல் வகை. அதனை ஆராய்ந்து, பிழையெனில் வெளிப்படையாகத் திருத்தவேண்டும். சுவை வேறுபாட்டால் எழுவது இரண்டாவது. அதற்கு இடமளித்து, நம் கருத்தில் நிற்கலாம். வசை மூன்றாவது, அதற்கு விடை வேண்டா. ஆனால் தந்தையாரின் கடுஞ்சொற்களுக்குள்ளேதான் உண்மையும் இருந்தது. எனவே வசையென ஒதுக்குமுன் ஒருமுறை அதனுள் செய்தி உளதா எனத் தேடுதல் கடன்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் பயிற்றலாம். ஒரே பாடலை மாணவர்களுக்கு இருமுறை கேட்கச் செய்து, அதன் குறையை ஆளை எழுவாயாக்கி ஒரு வாக்கியத்திலும், இசையை எழுவாயாக்கி மற்றொரு வாக்கியத்திலும் எழுதச் செய்க. பின்னர் அவ்விரண்டையும் பாடியவரின் இடத்தில் அமர்ந்து உரக்கப் படிக்கச் சொல்க. இரண்டாம் வாக்கியமும் வலிக்கும். ஆயினும் பாடியவர் அடுத்த நாள் எதைத் திருத்திப் பயிலவேண்டும் என்பதை அது சொல்லும்.