வீட்டினுள் ஒரு துவக்கு

மனிதன் தன் நலங் கருதி வீட்டினுள் கொணர்ந்த ஆபத்தான பொருள்களுள் நெருப்பு முந்தியது. துவக்கு மிகப் பிந்தியது. நெருப்பை அடுப்பினுள் அடக்கிவைக்க நம் தாய்மார் தலைமுறை தலைமுறையாகப் பழகியுள்ளனர். துவக்கை அடக்கிவைக்கும் பழக்கமோ நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை. அது குறித்துச் சில கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழகத்தார் 'துப்பாக்கி' என்பதை ஈழத்தவராகிய நாம் 'துவக்கு' என்கிறோம். சிங்களவர் 'துவக்குவ' என்பர். துருக்கி மொழியின் 'துபெக்' என்னும் சொல்லோடு இவை உறவுடையன என்பது சொல்லாராய்ச்சியாளர் கருத்து. சொல்லும் பொருளும் கடல் கடந்து வந்தனவேயாயினும், வன்னிக் கமக்காரன் அவற்றைத் தனதாக்கிக் கொண்டான். குழலின் வாய்வழியே மருந்தும் சன்னமும் இட்டு நிரப்பும் 'இடியன்' துவக்கு, மண்வெட்டியோடும் கத்தியோடும் ஒரு கருவியாய் அவன் வீட்டில் இடம் பெற்றது. விளைந்த வயலை ஓரிரவிற் காட்டுப்பன்றி உழுதுவிடும் நாட்டில் இதனை வியத்தற்கில்லை.

அண்மையில் என் பழைய மாணவர் ஒருவர், வன்னியிற் கமஞ் செய்பவர், பயிர்ப் பாதுகாப்புக்கென முதன்முறையாகத் துவக்கு ஒன்று பெற எண்ணி ஆலோசனை கேட்க வந்தார். சட்டம் பற்றிய வினாக்களுக்கு விடை கூறல் எளிதாயிற்று. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரமின்றித் துவக்கு வைத்திருத்தல் குற்றம். அப்பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படல் வேண்டும். 1996இல் வந்த திருத்தம் தண்டனைகளை மேலும் கடுமையாக்கிற்று. ஆயின், உடன் வந்திருந்த அவர் மனைவி கேட்ட வினாவுக்குச் சட்டப் புத்தகத்தில் விடை இல்லை.

“மாஸ்ரர், பிள்ளையளுக்கு இது வீட்டில கிடக்குதெண்டு சொல்லுறதோ, ஒளிச்சு வைக்கிறதோ?”

சொல்லவும் வேண்டும், பூட்டவும் வேண்டும் என்றேன். ஒளித்தல் காவலாகாது. முறுக்குப் பேணியை எந்த மூலையில் வைத்தாலும் தேடிப் பிடிக்கும் பிள்ளைகள் துவக்கை மட்டும் காணாதிருப்பரோ? அறிவுரையும் தனித்து நின்று காவாது. 2001இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று இதனைத் தெளிவாக்கிற்று. 8 முதல் 12 வயது வரையான சிறுவர்களை ஓர் அறையில் இருத்தி, சுடவியலாதபடி செய்த உண்மையான கைத்துவக்கொன்றை அங்கே மறைத்து வைத்தனர். அதனைக் கண்டெடுத்தவருள் அரைவாசிக்கு மேற்பட்டோர் அதனைக் கையாண்டனர். சிலர் விசையையும் அழுத்தினர். அவ்வாறு செய்தவருட் பெரும்பாலோர் துவக்குப் பற்றிய எச்சரிக்கையை முன்னரே கேட்டிருந்தவர்கள்! குழந்தையின் ஆவல் நம் உபதேசத்தினும் வலியது. ஆதலாற் பொறுப்புப் பிள்ளையினது அன்று. திறப்பு வைத்திருக்கும் பெரியவரது.

அப்பொறுப்பை நான்கு செயல்களில் அடக்கலாம். துவக்கு வெறுமையாய் இருத்தல் வேண்டும். அது பூட்டப்பட்டிருத்தல் வேண்டும். தோட்டாக்கள் வேறோரிடத்தில் இருத்தல் வேண்டும். அவ்விடமும் பூட்டப்பட்டிருத்தல் வேண்டும். இந்நான்கும் இளையோரின் துவக்கு மரணங்களையும் காயங்களையும் குறைப்பதோடு தொடர்புடையன என்பதை அமெரிக்க மருத்துவ சங்கத்தின் ஏடு 2005இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. முதல் இரண்டை மட்டும் செய்துவிட்டு, தோட்டாப் பெட்டியை அலுமாரியின் மேற்தட்டிற் போட்டுவைப்பது வாசலைப் பூட்டிப் படலையிற் திறப்பைத் தொங்கவிடுவது போலாகும்.

துவக்கின் அமைப்பையும் இங்கே கவனித்தல் தகும். குழலை மடித்துத் திறக்கும் துவக்கில் தோட்டா உண்டோ இல்லையோ என்பதைக் கண்ணாற் காணலாம். பரணிலிருந்து இறங்குமுன் அதனை எடுத்துவிடலாம். இடியனில் அவ்வசதி இல்லை. ஒருமுறை மருந்தேற்றினால் சுட்டுத் தீர்ப்பதே அதனை வெறுமையாக்கும் எளிய வழி. ஆகவே அது மருந்தோடு வீடு திரும்பிச் சுவரில் நாட்கணக்காகத் தொங்குவதும் உண்டு. எந்தத் துவக்கும் நிரப்பப்பட்டதே எனக் கொள்க என்பது துவக்குப் பயிற்சியின் முதல் விதி. இடியனைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மையே.

பிள்ளைகளைப் பற்றி இவ்வளவும் சொன்னேன். பெரியவரும் எந்நேரமும் பெரியவராக இருப்பதில்லை. லெனாட் வூல்ஃப் 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராய் இருந்தவர். காட்டுக் கிராமமொன்றைப் பற்றி அவர் எழுதி 1913இல் வெளிவந்த நாவலில், சிலிந்து என்னும் எளிய வேட்டைக்காரன், தாங்கொணாக் கொடுமைக்கு ஆளாகி, இருவரைச் சுட்டுக் கொல்கிறான். அவன் பிறவிக் கொலைஞன் அல்லன். துயர் முற்றிய வேளையில் கைக்கெட்டிய பொருள் துவக்காயிருந்தது, அவ்வளவே.

அத்துயர் பிறர்மேற் பாயாமல் தன்மேலே திரும்புவதும் உண்டு. இந்த உண்மையை நம் நாடு பூச்சிமருந்தின் வாயிலாகக் கற்றது. 1995ஆம் ஆண்டளவில் உலகிலேயே மிக உயர்ந்த தற்கொலை வீதமுள்ள நாடுகளுள் இலங்கையும் ஒன்றாயிருந்தது. கொடிய நச்சு மருந்துகள் தடைசெய்யப்பட்ட பின், பத்தாண்டுகளில் அவ்வீதம் ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்தது. மக்களின் துயர் அரைவாசியாகிவிடவில்லை. போர் நடந்துகொண்டுதான் இருந்தது. ஆயினும் துயர் மிக்க கணத்திற்கும் கொடிய கருவிக்கும் இடையே தூரம் உண்டாயிற்று. அத்தூரத்திற் பலர் பிழைத்தனர். பூட்டும் அத்தகைய ஒரு தூரமே. வீட்டில் ஒருவர் மனமுடைந்திருக்குங் காலத்தில் துவக்கையே வீட்டிலிருந்து அகற்றுதற்கு வழி உண்டோவென்று அதிகாரிகளிடம் வினவுதல் நன்று. அதில் வெட்கமில்லை, அன்பே உண்டு.

வயலிலும் விதி உண்டு. இலக்கை ஐயமறக் கண்ட பின்னரே விரல் விசையைத் தொடல் வேண்டும். இலக்கின் பின்னால் என்ன உண்டு என்பதையும் அறிதல் வேண்டும். பெருஞ்சன்னம் சில நூறு யார் தூரம் செல்ல வல்லது. இருளில் அசைவது பன்றியாகவும் இருக்கலாம். அயல் வயலின் காவற்காரனாகவும் இருக்கலாம். யானையைச் சுடுதல் சட்டவிரோதம். காட்டுப் பாதையிற் கட்டுத்துவக்கு வைப்பதோ கண்ணில்லாத ஒன்றின் கையில் விசையைக் கொடுப்பதாகும்; அது விறகு பொறுக்கப் போனவளையும் பன்றியென்றே கொள்ளும்.

இறுதியாக, துவக்குத் தேவைதானா என்ற வினா. யானை வரும் ஊர்களில், கமக்காரர் ஒன்றுகூடி விதைப்புக் காலத்திற் கட்டி, அறுவடையின் பின் கழற்றும் மின்வேலி நல்ல பயன் தந்துள்ளது. அது தனியொருவரின் வீட்டினுள் ஆபத்தைக் கொண்டுவருவதில்லை. போர் 2009இல் முடிந்த மண்ணில், துவக்கின் ஓசை சிலருக்குப் பன்றியை நினைவூட்டும். பலருக்கு வேறு பலவற்றை நினைவூட்டும். எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்த பின்னரும் வேண்டுமென்று துணிபவர், முதலில் இரண்டு ஆமைப்பூட்டுகளை வாங்கட்டும். இரும்புப் பெட்டி செய்து சுவரிற் பொருத்தட்டும். இரண்டு திறப்புகளும் யார் கையில் இருக்கும் என்பதைக் கணவனும் மனைவியும் இருந்து பேசி முடிவு செய்யட்டும். துவக்கு அதன் பின் வரலாம்.