வாங்குமுன் கேட்போம், விற்குமுன் காப்போம்

2006ஆம் ஆண்டு சம்பூர் உள்ளிட்ட மூதூர் கிழக்குக் கிராமங்களிலிருந்து இடம்பெயர்ந்தபோது, விளைவித்து உண்ட எமது மக்கள் வாங்கி உண்பவர்களாயினர். 2015, 2016ஆம் ஆண்டுகளில் சம்பூரில் காணிகள் விடுவிக்கப்பட்டபின் பலர் மீண்டும் மண்வெட்டியை எடுத்தனர். எனவே விவசாயி, பாவனையாளர் என்னும் இரு நிலைகளையும் நாம் அறிவோம்.

கிருமிநாசினி: 1980ஆம் ஆண்டின் பீடைநாசினிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட்டவற்றையே விற்கலாம். எண்டோசல்பான் 1998இல் தடைசெய்யப்பட்டது. லேபல் இல்லாத போத்தலில் ஊற்றித் தருவதை வாங்கக்கூடாது. கடைசியாகத் தெளித்தபின் எத்தனை நாள் கழித்து அறுவடை செய்யலாம் என்பதை லேபலில் பார்க்க வேண்டும். அந்த நாட்களில்தான் வெயிலாலும் செடியின் வளர்ச்சியாலும் நஞ்சு குறைகிறது. காலையில் தெளித்த கத்தரிக்காயை மாலையில் சந்தைக்கு அனுப்பினால், அது இன்னொரு வீட்டுப் பிள்ளையின் கோப்பைக்கே போகும். கழுவினால் தோலில் உள்ளது குறையும். உள்ளே ஊறியது போகாது.

பூஞ்சணம்: நிலக்கடலை, சோளம், கொப்பரா ஆகியவற்றை ஈரத்துடன் மூட்டை கட்டினால் அஃப்ளாடொக்சின் என்னும் நஞ்சு உண்டாகலாம். அது ஈரலில் புற்றுநோயை ஏற்படுத்தக்கூடியது. சமைத்தாலும் முற்றாக அழியாது. 2021இல் இறக்குமதியான தேங்காய் எண்ணெயிலும் இது கண்டுபிடிக்கப்பட்டது. நன்கு காயவைப்பதே காவல். பூஞ்சணம் பிடித்ததைப் பொறுக்கி எறிவோம், மலிவென்று வாங்கோம்.

கடையில்: காலாவதித் திகதியைப் பார்ப்போம், பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறுவோம். பழுதான உணவு விற்கப்பட்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லலாம். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்னும் இலக்கத்தில் முறையிடலாம்.

அயலவரை அன்பு செய்வதென்பது அவரது கோப்பையில் நஞ்சு விழாமல் காப்பதுமாகும்.