மலைக்கோட்டையில் யாருக்கு அதிகம் களைக்கும்?

திருச்சிக்குச் சுற்றுலா வரும் மாணவர்கள் முக்கொம்பையும் மலைக்கோட்டையையும் பார்க்காமல் திரும்புவதில்லை. நீங்களும் உங்கள் நண்பனும் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். உங்கள் எடை 40 கிலோ. நண்பனின் எடை 60 கிலோ.

காலையில் முக்கொம்பு. காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் அந்த இடத்தில், ஆர்தர் காட்டன் 1830-களில் மேலணை கட்டினார். அங்குள்ள பூங்காவில் ஒரு மணி நேரம் சுற்றுகிறீர்கள். இருவருக்குமே களைப்பில்லை. ஏன்? சமதரையில் நடக்கும்போது உடல் ஒவ்வோர் அடிக்கும் சில சென்டிமீட்டர்தான் எழுந்து தாழ்கிறது. எழுவதற்குச் செலவான ஆற்றலில் பெரும்பகுதி, கடிகார ஊசலில் நடப்பதுபோல, தாழும்போது திரும்பக் கிடைத்துவிடுகிறது. ஆற்று மணலில் நடந்தால் அப்படியல்ல. கால் புதையும், மணலைத் தள்ளச் செலவான ஆற்றல் திரும்பாது. கெட்டித் தரையைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஆற்றல் வேண்டும்.

மாலையில் மலைக்கோட்டை. உயரம் சுமார் 80 மீட்டர். பத்து நிமிடத்தில் உச்சிப் பிள்ளையார் கோயிலை அடைகிறீர்கள். நண்பனுக்கு மூச்சு வாங்குகிறது, கால் தளர்கிறது. "சோம்பேறி!" என்று யாரோ சிரிக்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள், கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

உடலை உயர்த்தச் செய்த வேலை = எடை × புவியீர்ப்பு முடுக்கம் × உயரம். உங்களுக்கு 40 × 9.8 × 80 = 31,360 ஜூல். நண்பனுக்கு 47,040 ஜூல். அதே நேரத்தில் அவன் ஒன்றரை மடங்கு வேலை செய்திருக்கிறான்! நீங்கள் 52 வாட் திறனில் ஏறினீர்கள். அவன் 78 வாட்டில்.

"அவனுடைய தசையும் பெரிதாயிற்றே?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. தசையின் வலிமை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. உடலின் எடையோ பருமனைப் பொறுத்தது. ஒரே வடிவமுள்ள உடல் எல்லாப் பக்கமும் 10 விழுக்காடு பெருத்தால், பரப்பு 21 விழுக்காடு கூடும். எடை 33 விழுக்காடு கூடிவிடும். கூடிய எடை கொழுப்பாக இருந்தாலோ, அது சுமைதானே தவிர இழுக்காது. (பயில்வானின் எடை வேறு வகை!)

இந்த ஏற்றத்துக்கு நண்பனுக்கு ஆன எரிபொருள் ஏறத்தாழ ஓர் இட்லி அளவுதான். ஆகவே உணவு தீர்ந்து களைப்பு வரவில்லை. தசை தன் முழு வலிமையில் எவ்வளவு பங்கைச் செலவிடுகிறதோ, அவ்வளவு விரைவில் தளரும். கடுமையாக உழைக்கும் தசையிழைகளில் பாஸ்பேட் சேர்கிறது; இழைகளைச் சுருங்கத் தூண்டும் கால்சியத்தின் வரத்தும் குறைகிறது. இழுவை மங்குகிறது.

நண்பன் பத்து நிமிடத்துக்குப் பதில் பதினைந்து நிமிடம் எடுத்துக்கொள்ளட்டும். 47,040 ஜூலை 900 வினாடியால் வகுத்துப் பாருங்கள். அதே 52 வாட்!

இறங்கும்போது மூச்சு வாங்காது. ஆனால் தொடை நடுங்கும். எடையைத் தாங்கி நிறுத்த, தொடைத் தசை நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அதில் இழைகள் மிக நுண்ணிய அளவில் சிதைகின்றன. இதற்கு லாக்டிக் அமிலத்தைக் காரணம் சொல்வது பழைய வழக்கம். அதுவோ ஓரிரு மணி நேரத்தில் தசையை விட்டு நீங்கிவிடும். மறுநாள் வகுப்பில் பெஞ்சில் உட்காரும்போது தொடை வலித்தால், அது பெரும்பாலும் படி ஏறியதனால் அல்ல, இறங்கியதனால்.