கிழமைக் கடனும் பத்தாம் திகதிச் சம்பளமும்: சப்ரகமுவ தோட்டங்களில் கடனிலிருந்து மீளும் வழிகள்

யுத்தம் முடிந்த கையோடு வடக்குக் கிழக்குக் கிராமங்களுக்குள் லீசிங் நிறுவனங்களும் நுண்கடன் நிறுவனங்களும் நுழைந்தன. பிணைக்குச் சொத்துக் கேட்காமல், பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருவருக்கு மற்றவர் கையெழுத்திட வைத்துக் கடன் கொடுத்தன. அதே கடன்தான் இன்று இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர் தோட்டங்களில் 'கிழமைக் கடன்' என்ற பெயரில் லயத்துக்கு லயம் நிற்கிறது.

இரண்டு இடங்களுக்கும் இரத்த உறவும் உண்டு. 1977, 1981, 1983 ஆம் ஆண்டுகளின் வன்முறைகளால் மலையகத்தை விட்டு ஓடிய பலர் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவில் குடியேறினார்கள். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, கஹவத்தை, இறக்குவானைப் பகுதிகள் தாக்கப்பட்டதை இன்னும் மறக்காத குடும்பங்கள் வன்னியில் உள்ளன. அங்கே அக்காவும் இங்கே தங்கையும் ஒரே மாதிரியான கடன் புத்தகத்தை வைத்திருப்பது புதுமையல்ல.

ஆனால் நிவாரணம் ஒரே மாதிரிக் கிடைக்கவில்லை. 2018 இல் அரசாங்கம் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களின் பெண்கள் பெற்ற, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நிலுவை நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய முடிவெடுத்தது. வடக்குக் கிழக்கின் 8 மாவட்டங்களும் அதில் அடங்கின. இரத்தினபுரியும் கேகாலையும் அடங்கவில்லை. ஆகவே இங்குள்ளவர்கள் தள்ளுபடிக்காகக் காத்திருப்பதை விட, கையில் உள்ள வழிகளை எடைபோட்டுப் பார்ப்பது அவசியம்.

தோட்டத்தில் கடன் ஏன் இறுகுகிறது?

முதற் காரணம் காணி. பரம்பரையாக வாழும் லயக் காம்பராவுக்கும் வீட்டுத்தோட்டத்துக்கும் பெரும்பாலானோரிடம் உறுதி இல்லை. உறுதி இல்லாதவருக்கு வங்கியில் குறைந்த வட்டிக் கடன் கிடைப்பது கடினம். பிணை கேட்காத கடனுக்குத்தான் அவர் போக வேண்டியிருக்கிறது. பிணை கேட்காத கடனில் வட்டி அதிகம்.

இரண்டாவது காரணம் நாள். சம்பளம் மாதம் ஒருமுறை, பத்தாம் திகதியளவில் வருகிறது. தவணையோ கிழமைக்கு ஒருமுறை. மழை பெய்தால் இறப்பர் பால் வெட்ட முடியாது. கொழுந்து குறைந்தால் அரைப்பேர். வேலை குறைந்தாலும் தவணை குறைவதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2024 செப்டம்பர் வர்த்தமானி நாட்சம்பளத்தை 1,350 ரூபாவாக நிர்ணயித்தது. மாதத்தில் 18 நாள் பேர் விழுந்தால் 24,300 ரூபா. சேமலாப நிதிக்கு 8 வீதம் போனால் ஏறக்குறைய 22,350 ரூபா. கிழமைக்கு 1,250 ரூபா வீதம் மூன்று கடன் இருந்தால் மாதத்துக்கு 15,000 ரூபா. மிஞ்சுவது 7,350 ரூபா. தீபாவளி முற்பணம், சந்தா, கடைப்பற்று எல்லாம் இதற்குள்தான். இந்த நிலையில் நான்காவது கடன் எடுத்து முதல் மூன்றுக்கும் தவணை கட்டுவது நடக்கிறது. கடன் பொறியாவது இந்த இடத்தில்தான்.

சொல்லும் வட்டியும் உண்மை வட்டியும்

"ஐம்பதாயிரம் தருகிறோம், கிழமைக்கு 1,250 வீதம் 52 கிழமை கட்டுங்கள், வருடத்துக்கு 30 வீதம்தான்" என்று ஒருவர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். கட்டும் மொத்தம் 65,000 ரூபா. 15,000 ரூபா வட்டி, 30 வீதம் என்பது சரியாகத்தான் தெரியும். ஆனால் ஐம்பதாயிரமும் வருடம் முழுவதும் உங்கள் கையில் இருப்பதில்லை. கிழமைக்குக் கிழமை முதலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறீர்கள். மீதி முதலுக்கு மட்டும் வட்டி கணக்கிட்டால் உண்மை வீதம் ஏறக்குறைய 54. ஆவணச் செலவு, காப்புறுதி என்று முதல் நாளே 2,500 ரூபாவைக் கழித்துக்கொண்டால் அது 65 ஐத் தொடும்.

இதோடு ஒப்பிடுங்கள். 2023 ஆகஸ்ட் இறுதியில் மத்திய வங்கி தனது மேற்பார்வையிலுள்ள வங்கிகளுக்கு விதித்த உச்ச வரம்பு, நகை அடகுக்கு 18 வீதம், கடனட்டைக்கு 28 வீதம். வீதங்கள் காலத்துக்குக் காலம் மாறும், வங்கியில் கேட்டு உறுதிப்படுத்துங்கள். எந்தக் கடன் அதிகம் தின்கிறது என்பதை இந்த ஒப்பீடு காட்டும்.

கொழும்பில் வேலை செய்யும் தோட்டத்துப் பிள்ளைகளிடம் கடனட்டை இருக்கலாம். அதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, அட்டையைப் போட்டுக் காசாக எடுத்தால் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், கட்டணமும் உண்டு. இரண்டு, 'குறைந்தபட்சத் தொகை'. ஒரு இலட்சம் நிலுவைக்கு 28 வீதத்தில் மாத வட்டி 2,300 ரூபாவுக்கு மேல். 5,000 ரூபா கட்டினால் அதில் ஏறக்குறைய பாதி வட்டிக்கே போய்விடும். வீட்டுக் கிழமைக் கடனை அடைக்க மகனின் அட்டையில் காசு எடுக்கும் முன் இதை யோசியுங்கள்.

என்னென்ன வழிகள்?

முதலில் ஒரு கொப்பியில் எல்லாக் கடனையும் எழுதுங்கள்: யாரிடம், எவ்வளவு மீதி, தவணை எவ்வளவு, யார் பிணை. கடைப்பற்றையும் சீட்டுக் காசையும் விடாதீர்கள். கணவனும் மனைவியும் ஒன்றாக இருந்து எழுதுவது நல்லது. ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் எடுத்த கடன்தான் பல வீடுகளில் கடைசியில் வெடிக்கிறது.

தவணை பேசி மாற்றுவது இரண்டாவது வழி. தவணை தவறும் முன்பே நிறுவனத்திடம் போய், கிழமைத் தவணையை மாதத் தவணையாக்கி சம்பளத்துக்குப் பிறகு கட்டவும், காலத்தை நீட்டவும் கேட்கலாம். காலம் நீண்டால் மொத்த வட்டி கூடும். எனினும் புதுக் கடன் எடுப்பதை விட இது மேல். இணங்கியதை எழுத்தில் வாங்குங்கள். கட்டும் ஒவ்வொரு தொகைக்கும் பற்றுச்சீட்டு வேண்டும்.

நகை இருந்தால், வங்கியில் அடகு வைத்து அதிக வட்டிக் கடன் ஒன்றை முழுதாக மூடலாம். 54 வீதக் கடன் 18 வீதமாகிறது. ஆனால் மூடிய நிறுவனத்திடமே திரும்பவும் கடன் எடுத்தால் நகையும் போகும், கடனும் நிற்கும். தனியார் அடகுக் கடையின் வட்டி வேறு, அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

கூட்டுறவுக் கடன் இன்னொரு வழி. சனச சிக்கனக் கடன் கூட்டுறவு இயக்கத்தை 1978 இல் கிரிவந்தெனிய மீளெழுப்பியது கேகாலை மாவட்டத்தில்தான். அங்கத்தவராகிச் சேமித்த பின்பே கடன் கிடைக்கும் என்பதால் இன்றைய அவசரத்துக்கு இது உதவாது. அடுத்த வருடத்து அவசரத்துக்கு உதவும்.

ஏரிஎம் அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் கடன் கொடுத்தவரிடம் ஒப்படைக்காதீர்கள். வெற்றுத் தாளிலோ வெற்றுக் காசோலையிலோ கையெழுத்திடாதீர்கள். வாசிக்கத் தெரியாத சிங்களப் படிவம் என்றால் தமிழில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் வாசிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.

மிரட்டினால் என்ன செய்வது?

கடனைக் கட்ட முடியாமற் போவது மட்டும் ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் காரணமாகக் கூடாது என்பது, இலங்கை 1980 இல் ஏற்றுக்கொண்ட குடியியல் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 11 ஆம் உறுப்புரை. பணமில்லாத கணக்குக்குக் காசோலை கொடுப்பது வேறு விடயம், அது குற்றமாகலாம். இரவில் லயத்து வாசலில் வந்து நிற்பதற்கும், அயலவர் முன் அவமானப்படுத்துவதற்கும், பொருட்களைத் தூக்கிச் செல்வதற்கும் கடன் புத்தகம் எவருக்கும் அனுமதி தருவதில்லை. யார், எப்போது, என்ன சொன்னார் என்று குறித்து வையுங்கள். மிரட்டல் என்றால் பொலிஸில் முறைப்பாடு செய்யலாம்.

நிறுவனம் மத்திய வங்கியின் அனுமதி பெற்றதா என்று பாருங்கள். பெற்றதாயின் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவுக்கு 1935 என்ற இலக்கத்தில் முறையிடலாம். 2016 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டம் வைப்புப் பெறும் கம்பனிகளையே பிரதானமாக அனுமதிப்பத்திரத்துக்குள் கொண்டுவந்தது. கடன் மட்டும் கொடுக்கும் பல நிறுவனங்கள் அதற்கு வெளியே நின்றன. அப்படிப்பட்ட நிறுவனமோ தனியாளோ என்றால் மத்தியஸ்த சபையும் சட்ட உதவி ஆணைக்குழுவும் உள்ளன. நீதிமன்ற அழைப்பாணை வந்தால் ஒளிந்திருக்காதீர்கள். போகாவிட்டால் நீங்கள் இல்லாமலேயே தீர்ப்பு வரும்.

குழுக் கடனில் ஒருவர் தவறினால் மற்ற நால்வர் அவர் வீட்டு வாசலுக்கு அனுப்பப்படுகிறார்கள். இதில் அக்கம்பக்கத்து உறவே முறிகிறது. அந்த ஐவரும் சேர்ந்து நிறுவனத்திடம் போய்த் தவணை மாற்றம் கேட்டால் நிலைமை வேறு. 2021 மார்ச் 8 இல் பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் நுண்கடனுக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் தொடங்கிய பெண்களும் இப்படித்தான் ஒருவர் கடனை மற்றவர் அறிந்து ஒன்றுசேர்ந்தார்கள்.

ஒரு காலத்தில் தொழிலாளியின் கடன் 'துண்டு' என்ற சீட்டில் எழுதப்பட்டு, அவரோடு தோட்டம் விட்டுத் தோட்டம் போனது. 1921 இல் அந்த முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இன்றைய கடன் புத்தகத்தையும் சட்டம் ஒருநாள் ஒழுங்குபடுத்தக்கூடும். அதுவரை, இந்த மாதச் சம்பளம் வருவதற்கு முன் கொப்பியை எழுதி முடியுங்கள். அரிசி, மருந்து, பிள்ளைகளின் பாடசாலைச் செலவை முதலில் ஒதுக்குங்கள். மீதியில், கூடச் சத்தம் போடுபவருக்கு முன்னால், கூட வட்டி தின்னும் கடனை முதலில் மூடப் பாருங்கள்.