வெந்நீர் வலிப்பு

சூடான நீரைச் செம்பு செம்பாகத் தலையில் ஊற்றிக் குளிக்குங்கால் சிலருக்கு வலிப்பு உண்டாகிறது. 1945-இல் நியூசிலாந்திலிருந்து முதன்முதலாக அறிவிக்கப்பட்ட இந்நோய் பிற நாடுகளில் மிக அரிது. பெங்களூரிலும் தென் கர்நாடகத்திலும் அத்துணை அரிதன்று. பெங்களூர் நரம்பியல் மருத்துவர் கே. எஸ். மணி 1968-இல் இதனை விவரித்தார். 1974-இல் 108 நோயாளரைப் பற்றி அறிக்கை வெளியிட்டார்.

இதனைக் கண்டறிவதில் கருவிகள் பெரிதும் உதவுவதில்லை. வலிப்பு இல்லாத வேளையில் எடுக்கும் மூளை மின்னலைப் பதிவு பெரும்பாலோர்க்கு இயல்பாகவே இருக்கும். “அப்பொழுது என்ன செய்துகொண்டிருந்தான்?” என்று வினவுதலே நோயைக் காட்டும். வினவாவிடின், வீட்டார் அதனைப் பித்த மயக்கமென்றோ பேய்க்கோளாறென்றோ எண்ணி வாளாவிருப்பர். குழந்தை விழித்தபடி திகைத்து நிற்கும், தொடர்பின்றிப் பேசும், பின்னர் நினைவிழக்கும். சிலர் அந்நிலையில் இன்பங்கண்டு மேன்மேலும் நீரை ஊற்றிக்கொள்வர் என்பது வியப்புக்குரியது; இவர்களை அதட்டுவதில் பயனில்லை.

தாழிட்ட குளியலறையில் தனியே விழுந்தால் வெந்நீரால் உடல் வெந்துவிடக்கூடும். வெதுவெதுப்பான நீரில் குளித்தலே பலருக்குப் போதுமானது. போதாதவர்க்குத் தலைமுழுகுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாக உட்கொள்ளுமாறு குளோபசாம் மாத்திரையை மருத்துவர் எழுதித் தருவதுண்டு.