சட்டப் படிப்புக்கு இடைவழி இல்லை

என் முன்னாள் மாணவர் ஒருவர் அண்மையில் தன் மகளுடன் வீட்டுக்கு வந்திருந்தார். மகள் இளங்கலைப் பொருளியலில் முதலாண்டை முடித்தவர். சட்டம் படிக்க வேண்டும் என்ற எண்ணம் கல்லூரியில் சேர்ந்த பிறகே அவருக்கு வந்திருக்கிறது. வெளிமாநிலக் கல்லூரி ஒன்றில் ஐந்தாண்டு சட்டப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்த்துவிடுவதாகத் தரகர் ஒருவர் உறுதி கூறி, முன்பணமும் பெற்றுக்கொண்டார். 'ஓராண்டு வீணாகாது அல்லவா, ஐயா?' என்று கேட்டார் தந்தை.

பட்டயப் படிப்பு முடித்தவர்கள் பொறியியல் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்வதை நாம் பல்லாண்டுகளாகப் பார்த்து வருகிறோம். சட்டத்திலும் அப்படியொரு வழி இருக்கும் என்று பெற்றோர் நம்புவதில் வியப்பில்லை. ஆனால், அங்கே அந்தக் கதவு அடைக்கப்பட்டிருக்கிறது. இந்திய பார் கவுன்சில் 2008-இல் வகுத்த சட்டக் கல்வி விதிகளில் 13-ஆவது விதி, ஒருங்கிணைந்த ஐந்தாண்டுப் படிப்பில் இடையில் நுழைவதைத் தடை செய்கிறது. வேறொரு பட்டம் பெற்றவர்கூட அதைக் காட்டி நடுவில் சேர முடியாது. இந்த விதியை மீறிப் பெற்ற பட்டத்துடன் வழக்குரைஞராகப் பதிவு செய்யச் சென்றால், மாநில பார் கவுன்சிலின் வாயிலிலேயே சிக்கல் எழும். அப்போது வீணாவது ஓராண்டு அல்ல, ஐந்தாண்டு.

சட்டத்துக்கு மாற நேர்வழிகள் இரண்டுதான். இப்போதைய படிப்பை விட்டுவிட்டு, பிளஸ் 2 தகுதியில் ஐந்தாண்டுப் படிப்பை முதலாண்டிலிருந்து தொடங்கலாம். அல்லது பட்டத்தை முடித்துவிட்டு மூன்றாண்டு எல்எல்.பி. சேரலாம். கல்லூரிக்கு நேரில் சென்று இரண்டு பட்டங்களையும் ஒரே காலத்தில் படிக்கவும் இயலாது. பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் இரட்டைப் பட்டப் படிப்புக்கு வழிவிட்ட போதிலும், பார் கவுன்சில் விதிகள் சட்ட மாணவருக்கு அதை அனுமதிக்கவில்லை.

இரு வழிகளில் எது ஆதாயம்? பெரும்பாலான பெற்றோர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. பொருளியலில் மூழ்கிய செலவு என்றொரு கருத்து உண்டு. எந்த முடிவை எடுத்தாலும் திரும்பி வராத செலவு அது; முடிவெடுக்கும்போது அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. படித்து முடித்த ஓராண்டும் அத்தகையதே. இனிச் செலவாகும் ஆண்டுகளை மட்டும் எண்ண வேண்டும். இன்று விலகினால் இந்தப் பெண்ணுக்குச் சட்டப் பட்டம் வரை ஐந்தாண்டுகள். தொடர்ந்தால், பொருளியலில் எஞ்சிய இரண்டும் சட்டத்தில் மூன்றும் சேர்ந்து அதே ஐந்தாண்டுகள்! இரண்டாம் ஆண்டையும் முடித்தவருக்குத் தொடர்வதே லாபம்: நான்கு ஆண்டுகள் போதும். பொறியியல் மாணவருக்குக் கணக்கு வேறு. முதலாண்டு முடிவில் விலகினால் ஐந்து, தொடர்ந்தால் ஆறு. இரண்டாம் ஆண்டு முடிவில்தான் இரண்டும் சமம்.

காலம் சமம் என்றால், முடிவைத் தீர்மானிக்க வேண்டியது இடர்ப்பாடு. 13-ஆவது விதி இடையில் நுழைவதை மட்டுமல்ல, இடையில் பட்டத்துடன் வெளியேறுவதையும் தடுக்கிறது. மூன்றாண்டுகள் படித்தபின் குடும்பச் சூழலால் விலகும் சட்ட மாணவருக்கு பி.ஏ. பட்டம் கிடைக்காது. பொருளியலில் தொடர்பவர் கையிலோ இரண்டாண்டில் ஒரு பட்டம் இருக்கும். சட்டம் ஒத்துவராவிட்டாலும் போட்டித் தேர்வு எழுதலாம், வேலைக்குப் போகலாம். ஒருவர் வருமானத்தில் ஓடும் குடும்பத்துக்கு இந்த வேறுபாடு சிறியதன்று.

மறுபக்கமும் உண்டு. மூன்றாண்டுப் படிப்பில் சேரப் பட்டத் தேர்வில் பொதுப் பிரிவினர் 45 விழுக்காடும், பட்டியல் பிரிவினர் 40 விழுக்காடும் பெற்றிருக்க வேண்டும். அது குறைந்தபட்சம்தான், போட்டி மிகுந்த அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்க அதைவிடக் கூடுதலாக வேண்டியிருக்கும். இப்போதைய படிப்பை வெறுத்து, பருவத்துக்குப் பருவம் தோல்விப் பாடங்களைச் சேர்த்துக்கொண்டே போகும் மாணவருக்கு அந்தக் கதவும் அடைபடலாம். அத்தகையவர் உடனே விலகுவதே நல்லது. பணமின்மையால் கல்லூரிக்கு வர இயலாதவர், பிளஸ் 2 முடித்திருந்தால், தொலைநிலைக் கல்வியில் பட்டம் பெற்றும் சட்டத்தில் சேரலாம்.

மூன்றாண்டுப் படிப்பு தரம் குறைந்தது என்ற எண்ணம் நம் வீடுகளில் பரவியிருக்கிறது. ஐந்தாண்டு முறைக்கு நாட்டில் பெயர் வாங்கித் தந்தது 1988-இல் வகுப்புகளைத் தொடங்கிய பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி. அதே நிறுவனம் 2022-இல் மூன்றாண்டு எல்எல்.பி. (ஹானர்ஸ்) படிப்பையும் தொடங்கியிருக்கிறது. பட்டம் எவ்வழியில் வந்தாலும் அகில இந்திய பார் தேர்வு எல்லோருக்கும் ஒன்றே.

இடைநுழைவைத் தடுப்பதில் நியாயம் இருக்கிறது. ஒருங்கிணைந்த படிப்பில் சட்டப் பாடங்கள் தொடக்கத்திலிருந்தே கலைப் பாடங்களோடு பின்னி வருகின்றன. அவற்றைத் தாண்டிக் குதித்து வருபவர் நீதிமன்றத்தில் தடுமாறுவார். ஆனால், பல்கலைக்கழகத்தில் பொருளியல் தாள்களில் தேறியவரை பி.ஏ., எல்எல்.பி.யில் அதே பொருளியலை மீண்டும் எழுதச் சொல்வதை, அந்தத் தாள்களைக் கற்பித்தவன் என்ற முறையில் என்னால் ஏற்க முடியவில்லை. வெளியேறும் மாணவரை வெறுங்கையோடு அனுப்புவது அதனினும் கடுமை. 2020 தேசிய கல்விக் கொள்கை ஓராண்டுக்குச் சான்றிதழ், ஈராண்டுக்குப் பட்டயம், மூன்றாண்டுக்குப் பட்டம் என்று பேசுகிறது. அது முன்வைக்கும் உயர் கல்வி ஆணையத்தின் எல்லைக்கு வெளியே மருத்துவத்தையும் சட்டத்தையும் விட்டுவைத்தது. எனவே, இதைத் திருத்த வேண்டிய பொறுப்பு பார் கவுன்சிலுடையது. மூன்றாண்டுக்குரிய கலைப் பாடங்களில் தேறியவருக்கு, வழக்குரைஞர் உரிமை ஏதுமில்லாத வெறும் பி.ஏ. பட்டம் வழங்கினால் நீதித் துறையின் தரம் எவ்வகையில் குறையும்?

அந்தப் பெண் மூன்றாம் பருவக் கட்டணத்தைச் செலுத்திவிட்டார். தரகரிடம் கொடுத்த முன்பணம் இன்னும் திரும்பி வரவில்லை.