மணலில் புதையாத மட்டை

மாணவர்களே, ஆயர் குரோ, அலோர் காஜா பக்கம் போகும்போது கோல்ஃப் திடலைப் பார்த்திருப்பீர்கள். ஓர் ஆட்டக்காரர் பையில் 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம். அவற்றில் முகம் மிகவும் சாய்ந்தவை ‘வெட்ஜ்’. குழியை நெருங்கியதும் பந்தை உயரே தூக்கி, அதிகம் உருளாமல் நிறுத்த இவை உதவும்.

பிட்சிங் வெட்ஜின் சாய்வு சுமார் 46 பாகை, கேப் வெட்ஜ் 50 முதல் 52, சாண்ட் வெட்ஜ் 54 முதல் 58, லாப் வெட்ஜ் 60ஐ ஒட்டி. 45 பாகையில் எறிந்தால்தானே அதிகத் தூரம், அப்படியானால் பிட்சிங் வெட்ஜ்தானே முந்த வேண்டும் என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி! அந்த விதி, புறப்படும் வேகம் மாறாதபோதுதான் பொருந்தும். முகம் சாயச் சாய, மட்டை பந்தை நேராகத் தாக்காமல் உரசிப் போகிறது. பந்தின் வேகம் குறைகிறது, பின்சுழற்சி கூடுகிறது. விழுந்த இடத்திலேயே பந்தை நிறுத்துவது அந்தச் சுழற்சிதான்.

இவற்றில் எனக்குப் பிடித்தது சாண்ட் வெட்ஜ். தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தவர்களுக்குத் தெரியும், கூர்விளிம்பு மண்ணுக்குள் இறங்கிவிடும். மணற்குழியில் பழைய மட்டைகளுக்கும் அதுதான் நடந்தது. அமெரிக்க ஆட்டக்காரர் ஜீன் சாரசன், மட்டையின் அடியில் உலோகம் சேர்த்து, பின்விளிம்பை முன்விளிம்பைவிடத் தாழ்வாக்கினார். மட்டை மணலில் புதையாமல் சறுக்கியது. 1932இல் பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தையும் வென்றார். வேடிக்கை என்னவென்றால், இந்த அடியில் மட்டை பந்தைத் தொடுவதே இல்லை. மணல்தான் பந்தைத் தூக்கி வீசுகிறது.

இந்த அடித்தாழ்வுக்குப் பெயர் ‘பவுன்ஸ்’. மழையில் ஊறிய தரைக்கு அது அதிகமாக வேண்டும். காய்ந்து இறுகிய தரையில் அதே மட்டை துள்ளி, பந்தின் நடுவில் இடித்துவிடும்.

வீட்டில் ஒரு கரண்டியை அரிசியில் விளிம்பாலும், பிறகு முதுகாலும் தள்ளிப் பாருங்கள்.